எட்டாம் நம்பர் மண்

வெள்ளிக்கிழமை ஊற்றிய மண் திங்கட்கிழமை காலையிலும் வாயில் இருந்தது.

ராமுத்தாய் பஞ்சை வெந்நீரில் நனைத்து, புருஷனின் கீழுதட்டை விரலால் இழுத்துப் பிடித்து, ஈறு ஓரமாகத் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு. அதுவும் கறுப்பு. மூன்று நாளாகக் காலையும் மாலையும், நர்ஸ் டின்சி சொல்லிக்கொடுத்தபடியே நாக்கு, அண்ணம், கன்னத்தின் உள்பக்கம் என்று ஓர் இடம் விடாமல் துடைத்துத்தான் வருகிறாள். ஊற்றியதோ ஒரே ஒரு கரண்டித் தண்ணீர். அதில் கரைத்த மண் ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை மண் எத்தனை பஞ்சுக்குத்தான் வரும்? எட்டாவது பஞ்சையும் சட்டியில் போட்டுவிட்டு, சரி, வந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டாள். நாற்பத்தொரு நாளாகச் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்காதவளுக்கு, ஒவ்வொன்றுக்கும் காரணம் தேடிக்கொண்டிருக்கத் தெம்பு இல்லை.

சின்னமுத்து கண்ணை மூடிக் கிடந்தார். அறுபத்துமூன்று வயது. தேயிலை ஃபேக்டரியில் முப்பத்தைந்து வருஷம் தூசியைத் தின்ற நெஞ்சு, போர்வைக்கடியில் ஏறி ஏறி இறங்கியது. லயத்தில் வரிசையாகப் பத்து வீடு, இவர்களுடையது கடைசி. முன்னால் ஒரு அறை, பின்னால் அடுப்படி, அவ்வளவுதான். முன்னறையைக் கட்டிலும், வீட்டுக்கே வந்து பார்க்கும் பாலியேட்டிவ்காரர்கள் இரவல் தந்த காற்று மெத்தையும், ஆக்ஸிஜன் மெஷினும் அடைத்துக்கொண்டிருந்தன. மெஷின் ஓடினால் கொர்ரென்று ஒரு சத்தமும், நடுநடுவே டுஸ்ஸென்று ஒரு பெருமூச்சும் வரும். நேற்று மத்தியானம் எங்கோ மரம் சாய்ந்து கரண்ட் போனதிலிருந்து அது வாய் மூடிக் கிடந்தது. அதற்குப் பதிலாக, மூலையில் நிற்கும் சிலிண்டரிலிருந்து ஒரு குழாய் அவர் மூக்குக்குப் போயிற்று. வெளியே மழை விட்டிருந்தது. மழை விட்டதும் மஞ்சு இறங்கி, எதிரே நிற்கிற சவுக்கு மரத்தைக்கூட மறைத்துவிட்டது.

இந்த நாற்பத்தொரு நாளும் தேனியில்தான் ஆரம்பித்தது. அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐசியூவில் ஆறு நாள் கிடந்தார். ஆறாம் நாள் டாக்டர் அவளை வெளியே பெஞ்சில் உட்காரவைத்து, முதலில் தண்ணீர் குடிக்கச் சொன்னார். குடிக்கச் சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"நுரையீரல் முடிஞ்சுபோச்சும்மா. தொண்டையில டியூப் போட்டு வென்டிலேட்டர்ல வைக்கலாம். வச்சா மறுபடி எடுக்க முடியாமலே போகலாம். வேண்டாம்னா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து தர்றேன். அதுவும் வைத்தியம்தான். நீங்கதான் சொல்லணும்."

ஒரு நாள் வென்டிலேட்டருக்கு எவ்வளவு செலவாகும் என்று ஒரு தாளில் எழுதியும் காட்டினார். அவளுடைய இரண்டு மாதச் சம்பளம். ஆனால் அந்தத் தொகையை விட, 'நீங்கதான் சொல்லணும்' என்றதுதான் அவளை நடுங்க வைத்தது. அதுவரைக்கும் என்ன குழம்பு என்பதைத் தவிர வேறு எதையும் அவளைச் சொல்லச் சொல்லி யாரும் கேட்டதில்லை. எர்ணாகுளத்தில் வண்டி ஓட்டும் மகன் வினோவுக்குப் போன் போட்டாள். "வைக்கச் சொல்லும்மா. அப்பாவ அப்படியே தூக்கிட்டு வந்தா நாலு பேரு என்ன பேசுவாக?" என்றான். உள்ளே போய்ப் புருஷனிடம் கேட்டாள். மாஸ்க்குக்குப் பின்னாலிருந்து அவர் தலையை இடம் வலமாக ஆட்டினார். அவளுடைய மணிக்கட்டைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. வெளியே வந்து, வீட்டுக்கே கூட்டிப்போகிறேன் என்று கையெழுத்துப் போட்டாள்.

ஆம்புலன்ஸ் குமுளி ஏறி வண்டிப்பெரியார் பக்கம் திரும்பி, இரண்டு பக்கமும் தேயிலை ஆரம்பித்ததும் அவர் மாஸ்க்கை விலக்கிவிட்டுப் பேசினார். வாழ்க்கையில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை.

"தேயிலைக்குத் தானாச் சாவு கிடையாது புள்ள. நூறு வருசத்துச் செடி நிக்குது பாரு. நாம கிள்ளுதோம், அது துளிர்க்குது. கிள்ளிக் கிள்ளியே நிறுத்தி வச்சிருக்கோம். கிள்ளாம விட்டுப் பாரு... மரமா வளந்து, பூத்து, காய்ச்சு, அதுபாட்டுக்குப் போயிரும்." மூச்சு வாங்கியது. "என்னைய அந்த மாதிரி விட்ரு. கிள்ளிக்கிட்டுக் கிடக்காத."

"சரிங்க" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா விட்டுர்றேங்க."

டாக்டர் சொன்னது பத்து நாள். பத்து இருபதாயிற்று, இருபது முப்பதாயிற்று. பேச்சு நின்றது. கண் திறப்பது நின்றது. மூச்சு மட்டும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்கவை, இல்லாவிட்டால் புண் வரும் என்றாள் டின்சி. புரட்டினாள்; அப்படியும் இடுப்பில் புண் வந்தது. கஞ்சியை வடித்துக் கரண்டியால் ஊட்டினாள். மூத்திரப் பையைக் காலி செய்தாள். துணி துவைத்தாள்; அந்த மஞ்சில் எது காயும்? அடுப்புக்கு மேல் கயிறு கட்டிக் காயப்போட்டாள். முதல் வாரம் லயமே வந்து வாசலில் உட்கார்ந்தது. செத்தால் அழுவதற்கு ஆள் உண்டு. இழுத்துக்கொண்டு கிடந்தால் எட்டிப் பார்க்க ஆள் இல்லை. ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது, "போய்ச் சேருங்களேன் சாமி, நான் கொஞ்சம் தூங்குதேன்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். சொன்ன வாயில் அடித்துக்கொண்டாள். அடித்துக்கொண்ட கையாலேயே அடுத்த கரண்டியையும் ஊட்டினாள்.

அடுத்த வீட்டு அன்னாள்தான் மண் விஷயத்தைச் சொன்னது.

"இது மண்ணாச தாயி. மனசு எங்கயோ ஒரு மண்ணப் புடிச்சுக்கிட்டுக் கிடக்கு. சொந்த மண்ணக் கரைச்சு ஒரு வாய் ஊத்து, அடுத்த பொழுது தாங்காது. நான் சர்ச்சுக்குப் போற வேதக்காரிதான். ஆனாலும் எங்க மாமனாருக்கு இதத்தான் செஞ்சோம்."

சொந்த மண் என்றால் சங்கரன்கோவில் பக்கம் ஒரு கரிசல் காடு. ஒன்பது வயதில் அப்பனோடு மலையேறியவர், அதற்குப் பிறகு கல்யாணம் கருமாதி என்று நாலைந்து தரம் போயிருப்பார். வினோவிடம் சொன்னாள். "அங்க எதும்மா நம்ம மண்ணு? தாத்தா வித்த காடு. இப்பக் கரண்டு எடுக்குற காத்தாடி நட்டு வேலி போட்டிருக்கான். லீவு கேட்டுப் பாக்கேன், இரு" என்றான். ஒரு வாரம் போயிற்று. லீவும் இல்லை, மண்ணும் இல்லை.

வெள்ளிக்கிழமை ராமுத்தாய் அரை நாள் வேலைக்குப் போனாள். எட்டாம் நம்பர் தேயிலைக் காடு. கொழுந்து வெட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு செடி மூட்டில் உட்கார்ந்தவளுக்கு, திடீரென்று அது தோன்றியது. ஃபேக்டரிக்குப் போவதற்கு முன்னால், இருபது வயதில், இந்தக் காட்டில் குழி வெட்டிக் கன்று நட்டது அவர்தானே? அரை நூற்றாண்டாக இந்த மண்ணைத்தானே மிதித்தார், இந்த மண்ணில்தானே வேர்வை விட்டார்? இதை விட்டால் அவருக்கு வேறு எது சொந்தம்? செடியின் தூரில் நகத்தால் கிளறி ஒரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால், மண்ணோடு மயிர் போல வெள்ளை வேர்கள். பொறுக்கிப் போட்டாள். முழுசாகப் பொறுக்கினாளா என்பது தெரியாது.

கரண்டியை வாயில் வைத்ததும், பத்து நாளாக ஒரு மடக்குக் கஞ்சியை இறக்கச் சிரமப்பட்டவர், மடக்கென்று விழுங்கினார். விழுங்கிவிட்டு வாயைத் திறந்தார். இன்னும் கேட்கிற மாதிரி, அகலமாக. அந்த வாய் மூடக் கால் மணி நேரம் ஆயிற்று.

"ராமுத்தாயி! பெரட்டுக்கு வரலையா?"

அன்னாள்தான். இடுப்பில் பிளாஸ்டிக் படுதா, தலையில் துண்டு, கையில் கத்திரி. பெரட்டுக் களத்தில் ஆள் எண்ணி வேலைக்கு அனுப்பும் நேரம் அது.

"இன்னைக்கும் இல்லக்கா."

"எப்படி இருக்காக?"

"அப்படியேதான் இருக்காகக்கா."

அன்னாள் உள்ளே வந்து கட்டிலைப் பார்த்தாள். பிறகு சட்டியில் கிடந்த கறுப்புப் பஞ்சுகளைப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"மூணு நாளாச்சுல்ல? ஊர் மண்ணுதான ஊத்துன? வினோ கொண்டாந்தானா?"

ராமுத்தாய் தலையைக் குனிந்துகொண்டாள். "அவன் வரலக்கா. எட்டாம் நம்பருல இருந்து ஒரு பிடி எடுத்தேன். அவுக நட்ட காடுதான?"

அன்னாள் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டாள். "அது யாரு மண்ணுடி? நட்டா நம்ம மண்ணாயிருமா? அதுல நம்ம பேருக்கு ஒரு பிடி உண்டா?" குரல் தணிந்தது. "ரெண்டு தலமொறையா அதுலதான் கெடக்கோம். அந்த மண்ணு எவன விட்டிருக்கு இதுவரைக்கும்?"

ஃபேக்டரிச் சங்கு ஊதியது. "சாயந்தரம் வந்து பாக்கேன். கதவச் சாத்திக்க, மஞ்சு உள்ள வருது" என்று சொல்லிவிட்டு அவள் போனாள். மற்ற ஒன்பது வீட்டுக் கதவுகளும் ஒவ்வொன்றாகப் பூட்டப்படும் சத்தம், ரப்பர் செருப்புகள் சேற்றில் சளக் சளக்கென்று இறங்கும் சத்தம், யாரோ ஒருத்தி இருமிக்கொண்டே பாதையில் போகும் சத்தம், எல்லாம் அடங்கி லயம் காலியாயிற்று. இனி நாலு மணிக்குச் சங்கு ஊதும் வரைக்கும் ராமுத்தாயும் சின்னமுத்துவும்தான்.

சிலிண்டரின் தலையில் அளவு காட்டும் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்தாள். முள் சீரோவில் படுத்துக் கிடந்தது.

பன்னிரண்டு மணி நேரம் வரும் என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். நேற்று மத்தியானம் திறந்தது. அப்படியானால் ராத்திரியே, அவள் சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்த நேரத்திலேயே முடிந்திருக்கிறது. டின்சிக்குப் போன் அடித்தாள். நாலாம் தரம் கிடைத்தது.

"சேச்சி, ரோட்டுல மண்ணிடிஞ்சு கிடக்கு, நம்ம ஜீப் வராது. சிலிண்டர்ல எவ்வளவு உண்டு?"

"ஒண்ணுமில்ல சிஸ்டர். ராத்திரியே தீந்துபோச்சுபோல."

"பேடிக்க வேண்டா, பயப்படாதீங்க. விரல்ல மாட்டுற அந்தச் சின்ன மெஷின் வச்சுப் பாருங்க, எத்தனை காட்டுதுன்னு."

வைத்தாள். சிவப்பு வெளிச்சம் எரிந்தது. எண் வரவில்லை, இரண்டு சின்னக் கோடு மட்டும். தன் விரலில் வைத்துப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. திரும்ப அவர் விரலில். இரண்டு கோடு.

"எண்ணே வரலையே சிஸ்டர்."

"கை தணுத்து, சில்லுன்னு இருக்கும். சேச்சி..." டின்சி தயங்கினாள். "ஆளுக்கு மூச்சு உண்டோ?"

"இருக்கு. நல்லா விடுதாக. எப்பவும் விடுறத விட நல்லாவே விடுதாக."

"அது எங்ஙனே..." என்றாள் டின்சி. அதோடு லைன் போய்விட்டது. மத்தியானம் வரைக்கும் அடித்துப் பார்த்தாள், டவர் இல்லை.

ராமுத்தாய் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். டின்சி கேட்டது சரிதானே. மெஷின் ஓடியபோதே முக்கி முனகி, விலா எலும்பு தெரிய இழுத்த மூச்சு. இப்போது எந்தக் காற்றும் போகாத குழாயை மூக்கில் வைத்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. அவள் தன் மூச்சை அதோடு சேர்த்து இழுத்துப் பார்த்தாள். அவளுக்கு முட்டியது, விட்டுவிட்டாள், மறுபடி இழுத்து மறுபடி விட்டாள். அவருடையது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாக, வெகு மெதுவாக, இறங்கியது.

குனிந்து வாய்ப்பக்கம் முகத்தை வைத்தாள். இத்தனை நாளும் அந்த அறையில் மருந்து நாற்றமும், டெட்டால் நாற்றமும், என்னதான் கழுவினாலும் போகாத புண் நாற்றமும்தான் இருந்தன. அவளுடைய தலைமுடியில்கூட அது ஏறியிருந்தது. இப்போது அது எதுவும் இல்லை. வேறு ஒரு வாசம். ஃபேக்டரி மாடியில், வாட்டுவதற்காகப் பரப்பிய பச்சைக் கொழுந்துக்குப் பக்கத்தில் போனால் வருமே, அந்த ஈரமான, கொஞ்சம் இனிப்பான, புல் கசங்கிய வாசம். நோயாளி வாயிலிருந்து வருகிற வாசமா இது? நல்ல வாசம்தான். நல்ல வாசமாக இருந்ததால்தான் அவளுக்குப் பயம் வந்தது.

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வாசல்படிக்கு அப்பால் ஒன்றும் இல்லை. வெள்ளை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, விடியாத நேரம்போல ஒரு மங்கல். "யாராச்சும் இருக்கீகளா?" என்று கூப்பிட்டாள். குரல் கொஞ்ச தூரம்கூடப் போகாமல் மஞ்சில் அமுங்கியது. எட்டாம் நம்பர் காடு லயத்துக்கு நேர் மேலேதான் இருக்கிறது. அங்கே கத்திரி வெட்டும் சத்தம் எப்போதும் கேட்கும். இன்றைக்கு அதுவும் இல்லை. கதவைச் சாத்தினாள்.

அப்போதுதான் அந்தச் சத்தம். ஸ்ஸ்ஸ்.

சிலிண்டரா? முள் சீரோவில். காதை வைத்தாள். இல்லை. அடுப்படியில் பால் பொங்குகிறதா? அடுப்பே எரியவில்லை. ஸ்ஸ்ஸ். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. காற்று மெத்தை. கரண்ட் போனால் குழாயை மடக்கிக் கட்டிவிடு, ஒரு நாள் காற்று நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள், கட்டியும் இருந்தாள். கட்டு அப்படியே இருந்தது. ஆனால் மெத்தை வற்றிக்கொண்டிருந்தது. அவருடைய தோள், இடுப்பு, குதிகால் எல்லாம் கண் முன்னால் கொஞ்சம் கொஞ்சமாகப் பலகையில் இறங்கின. எதுவோ மெத்தையைக் குத்தியிருக்கிறது.

புரட்ட வேண்டும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பலகை அழுத்தினால் புண் இன்னும் பெரிசாகும். வழக்கம்போல ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, "ஏங்க, கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லிக்கொண்டே இழுத்தாள்.

அசையவில்லை.

விடியற்காலையில்கூட ஒற்றைக் கையால் புரட்டினாள். எலும்பும் தோலும்தானே. ஒரு கொழுந்துச் சாக்கின் கனம்கூடக் கிடையாது. முழங்காலைக் கட்டிலில் ஊன்றி, பல்லைக் கடித்து இழுத்தாள். தோல் வந்தது. உடம்பு வரவில்லை. அடியில் எதுவோ பிடித்திருந்தது.

இடுப்புக்கு அடியில் கையை இன்னும் உள்ளே விட்டாள். புண்ணுக்கு வைத்த துணி விலகியிருந்தது. சீழ் தட்டுப்படும் என்று நினைத்தாள். சீழ் இல்லை. ஈரம். குளிர்ச்சி. பொலபொலவென்று ஏதோ நகக்கண்ணில் ஏறியது. அது அவளுக்குத் தெரியாத ஒன்றா? முப்பத்திரண்டு வருஷமாக நகக்கண்ணில் ஏறுவதுதானே. மண்.

மண்ணுக்குள்ளே மயிர் மயிராக எதுவோ. இழுத்தால் விறைத்தது. விட்டால் தளர்ந்தது.

கையை உருவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து கட்டிலுக்கு அடி தெரிந்தது. பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தாள். பலகை இடுக்கு வழியாக வெள்ளையாக, சன்னமாக, ஈரத்தில் மினுங்கிக்கொண்டு நிறைய இறங்கியிருந்தன. சில காற்றில் தொங்கின. சில சிமெண்ட் தரையைத் தொட்டிருந்தன. தொட்ட இடத்தில் தரை வெடித்திருந்தது.

"முனீஸ்வரா" என்றாள்.

மேலே, கட்டிலில், மூச்சு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது.

எழுந்து போர்வையை விலக்கினாள்.

வலது புறங்கை. ஐசியூவில் ஆறு நாளும் ஊசி குத்திக் குத்திக் கறுத்த இடம். துளை ஆறி எவ்வளவோ நாள் ஆயிற்று. அந்த இடத்தில் ஒன்று நின்றது.

இரண்டு இலை. ஒரு மொட்டு.

மணிக்கட்டில் ஒன்று. முழங்கை மடிப்பில் மூன்று. இடது கையில், குத்திய இடமெல்லாம். கழுத்தில், பெரிய ஊசி இறக்கித் தையல் போட்ட இடத்தில் ஒரு கொத்தே நின்றது. நல்ல மழைக் கொழுந்து. இளம்பச்சை. மொட்டில் வெள்ளையாகப் பூமயிர். காற்றே இல்லாத அறையில், மூச்சு ஏறும்போது விரிந்து, இறங்கும்போது ஒடுங்கின.

அவள் கத்தவில்லை. கத்துவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். கை மட்டும் வந்தது. ஆம்புலன்ஸில் அவர் சொன்னது காதுக்குள் கேட்டது. கிள்ளாம விட்டுப் பாரு. அதுபாட்டுக்குப் போயிரும். அவ்வளவுதானே? இதற்குக் காசு வேண்டாம், டாக்டர் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும். வளரட்டும். பூக்கட்டும். காய்க்கட்டும். வீடு இடிந்தாலும் இடியட்டும். அவர் போய்விடுவார். சத்தியம் நிற்கும். அவளும் தூங்கலாம்.

சும்மா இரு ராமுத்தாயி. சும்மா இரு.

பதினாறு வயதில் ஒரு கங்காணிச்சி அவளுக்குக் கிள்ளப் பழக்கினாள். கண்ணால் பார்க்காதே, விரலால் பார் என்றாள். கத்திரி வந்து பல வருஷம் ஆகியும் விரல் மறக்கவில்லை. தூக்கத்தில்கூடப் பாய்க்கோரையைக் கிள்ளுகிறாய் என்று அவரே சிரித்திருக்கிறார்.

டக்.

கையில் இருந்தது. இரண்டு இலை, ஒரு மொட்டு. காம்பு நுனியில் தண்ணீர் மாதிரி ஒரு துளி. கொஞ்சம் சிவப்பாக.

சின்னமுத்து கண்ணைத் திறந்தார்.

மூன்று வாரமாகத் திறக்காத கண். தெளிவாக இருந்தது. அவளை அடையாளம் தெரிந்தது. உதடு அசைந்து, ஓரத்தில் மண் வழிந்தது.

"புள்ள."

"ஏங்க! ஏங்க, இங்கதான் இருக்கேன்."

"கிள்ளாத."

டக்.

"கிள்ளாத புள்ள."

"இல்லீங்க. நிப்பாட்டிட்டேன். இந்தா, நிப்பாட்டிட்டேன்" என்றாள். டக். மணிக்கட்டில் இருந்ததும் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. வலது கையை இடது கையால் பிடித்தாள். இடது கையும் கிள்ளத் தெரிந்த கைதான். டக். டக். ஒவ்வொன்றுக்கும் அவர் நெஞ்சு தூக்கிப் போட்டது. ஒவ்வொன்றுக்கும் மூச்சு இன்னும் ஆழமாக, இன்னும் பலமாக உள்ளே போயிற்று. கன்னத்தில் ரத்தம் ஓடியது. உதடு சிவந்தது. இந்த நாற்பத்தொரு நாளில் அவர் அவ்வளவு நன்றாக இருந்ததே இல்லை. கண்ணின் இரண்டு ஓரத்திலிருந்தும் தண்ணீர் காதுக்குள் இறங்கியது.

அவளுக்கும் அழுகை வந்தது. விட்டுவிட மனசு வந்தது. கை வரவில்லை.

முழங்கை. தோள். கழுத்து.

ஃபேக்டரிச் சங்கு ஊதியது. நாலு மணி. எப்படி நாலாயிற்று? சளக் சளக்கென்று செருப்புச் சத்தம் பாதையில் ஏறி வந்தது. முதல் வீட்டுப் பூட்டு திறந்தது. இரண்டாவது. மூன்றாவது. கடைசியாக அவள் வீட்டுக் கதவில் விரலால் தட்டும் சத்தம்.

"ராமுத்தாயி." அன்னாளின் குரல். "கதவத் திறக்கலையா? அவுக எப்படி இருக்காக?"

ராமுத்தாய் வாயைத் திறந்தாள். மடி நிறையக் கொழுந்து கிடந்தது. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் கிள்ளிய புறங்கையில், ஒன்று இருந்த இடத்தில் இரண்டு முளைவிட்டு, வெள்ளைப் பூமயிரோடு மெல்லப் பிரிந்துகொண்டிருந்தன.

"அப்படியேதான் இருக்காகக்கா" என்றாள். விரல் அந்த முளைகள்மேல் போய் உட்கார்ந்தது.